ஆயில் மூடியில் வெள்ளைப் படிவு, குறையும் கூலன்ட்: இன்ஜினில் கை வைக்கும் முன்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார், போன வருடம் புதுச்சேரியில் ஒரு புரோக்கர் மூலம் வாங்கியது. பிள்ளைகளை மஞ்சக்குப்பத்தில் பள்ளியில் விட, கடைக்குப் போக, அவ்வளவுதான் ஓட்டம். மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து கூலன்ட் டப்பாவில் மேல்கோட்டில் இருந்த அளவு கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. ஒரு மெக்கானிக் "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். இன்னொருவர் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, கடலூர்)

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம், அம்மா. முதலாமவர் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் சோதிக்கவே தேவையில்லாத மாதிரி மருந்து தருகிறார். ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினுக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவில், எரியும் புகையும் கூலன்ட்டும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமல் அடைக்கும் தகடு. அதை மாற்றப் பெரும்பாலான கார்களில் இன்ஜினை இறக்கவே வேண்டியதில்லை, மேலே உள்ள ஹெட்டைக் கழற்றினால் போதும். "இன்ஜின் இறக்கணும்" என்று ஒருவர் ஆரம்பித்தாலே, "எந்தச் சோதனை செய்து இதைச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டு அறிகுறிகள். மூடியில் வெள்ளைப் படிவு, டப்பாவில் அளவு குறைவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். மெக்கானிக் பார்த்த உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். நாம் முதலில் அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் படிவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கும் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மஞ்சக்குப்பம் எவ்வளவு தூரம்? பள்ளி வாசலில் நிறுத்தி அணைக்கும்போது ஆயில் இன்னும் சூடேறியே இருக்காது. மீட்டரில் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்திருக்கும், ஆனால் அது கூலன்ட்டின் சூடு. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் வேண்டும். ஈரம் இன்ஜினிலேயே குளிர்ச்சியான இடமான மூடிக்கு அடியில் போய்ப் படிந்து, ஆயிலோடு கலந்து வெளுக்கிறது. கடற்கரை ஊர், மழைக்காலம், சின்னச் சின்ன ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் நல்ல இன்ஜினிலும் இது வரும்.

அதனால் மூடியை விட்டுவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரே நிறத்தில் தெளிவாக இருந்து, அளவும் மேல்கோட்டைத் தாண்டாமல் இருந்தால், ஆயிலில் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பால் கலந்த டீ நிறத்தில் குழம்பியிருந்தாலோ, நீங்கள் எதுவும் ஊற்றாமலே ஆயில் அளவு ஏறியிருந்தாலோ வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று நினைத்தால் அந்த ஓட்டத்திலேயே சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும். இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால், மூடியை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி வரை போய் வாருங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அது போதும். போவதற்கு முன் கூலன்ட் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை இப்படி ஓடிய பிறகும் படிவு அதே அளவுக்கு வந்தால், பிசிவி வால்வ் என்கிற சின்னக் காற்றுவழி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைவு, பட்டறைகளில் யாரும் கவனிப்பதும் குறைவு.

இப்போது கூலன்ட். உண்மையிலேயே குறைகிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது அளவு ஏறித் தெரியும், ஆறியதும் இறங்கும். சாயங்காலம் பார்த்ததையும் காலையில் பார்த்ததையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒரே இடத்தில், சமதளத்தில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், டப்பா மேல் மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே மாதிரிப் பாருங்கள். ஏசி போட்டு நிறுத்தினால் முன்பக்கம் அடியில் சொட்டுவது ஏசி தண்ணீர், அது நிறமில்லாமல் இருக்கும். காலையில் புகைக்குழாயில் சொட்டும் தண்ணீரும் சாதாரணம்தான். இந்த இரண்டையும் காட்டியே "தண்ணி லீக் ஆகுது பாருங்க" என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் அது சாதாரணமில்லை.

கோடு இறங்கினால், பெரும்பாலும் கசிவு வெளியில்தான். ரேடியேட்டர் மூடி, ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம். கசிந்த இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ வெள்ளையாகவோ காய்ந்த பொருக்கு நிற்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கூலன்ட் கொதித்து வெளியேறும், மூடியை மாற்றினால் தீர்ந்துவிடும். சூடான இன்ஜினில் அந்த மூடியை யார் சொன்னாலும் திறக்காதீர்கள். வடிந்தது தண்ணீரா கூலன்ட்டா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம், கூலன்ட் இனிப்பான விஷம். வீட்டு வாசலில் தேங்கினால் கழுவிவிடுங்கள், குழந்தைகளும் நாயும் நடமாடும் இடம்.

கண்ணுக்குக் கசிவு தெரியவில்லை என்றால் இரண்டு சோதனைகள் கேளுங்கள். ஒன்று பிரஷர் டெஸ்ட்: ஆறிய இன்ஜினில் கைப்பம்பால் ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து அங்கே சேரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுப்பது. எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வருகிறதென்றால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று சொல்ல அடிப்படை இதுதான். இரண்டுமே ஒரு மணி நேர வேலை. இந்தக் கருவி இல்லாத பட்டறையில் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

பெரிய சர்வீஸ் சென்டர்களின் போக்கிலும் எனக்குக் கோபம் உண்டு. சர்வீஸுக்கு வரும் வண்டியில் அளவு குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, பில்லில் "கூலன்ட் டாப்அப்" என்று ஒரு வரி. அடுத்த சர்வீஸிலும் அதே வரி. மூடியிருக்கிற அமைப்பில் அந்தக் கூலன்ட் எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பாதி ஹெட் கேஸ்கட்டுகள் தப்பித்திருக்கும். உங்கள் வண்டியின் பழைய பில்கள் கிடைத்தால் அந்த வரி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பாட்டில் மருந்து வேண்டாம். ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. அதே மாதிரி போர் தண்ணீரும் வேண்டாம். நம் கரையோர உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்து, உள்ளே காரை கட்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன கூலன்ட்டை, தேவைப்பட்டால் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து ஊற்றுங்கள்.

இதைவிடப் பெரிய கெடுதல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று சொல்லியே கழற்றுகிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரியில் திறந்து, கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் கதவு. அது இல்லையென்றால் இன்ஜின் சூடேற மிக நேரமாகும். வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஈரம் வெளியேறாது, ஆயில் கெடும். உங்கள் மூடியில் இருக்கிற படிவுக்கு இதுவே முழுக் காரணமாக இருக்கலாம். இன்னும் கேளுங்கள், பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட் ரேடியேட்டரைத் தொடாமல் குறுக்கு வழியில் சுற்றி, டிராஃபிக்கில் சூடு ஏறவும் செய்யும். கண்டுபிடிப்பது எளிது. ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால், அல்லது திறந்த சாலையில் முள் கீழே இறங்கினால், தெர்மோஸ்டாட் இல்லை, இல்லையென்றால் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹோஸைத் தொடும்போது ஃபேனுக்குக் கை போகாமல் பாருங்கள்.

இத்தனையும் தண்ணீரில் நிற்காத வண்டிக்கு. உங்கள் கார் புதுச்சேரியில் புரோக்கரிடம் வாங்கியது என்று எழுதியிருப்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அப்போது நனைந்த வண்டிகள் எங்கேயும் போய்விடவில்லை. சோப்பு போட்டுக் கழுவி, சீட் உறை மாற்றி, பாலிஷ் போட்டு விற்றார்கள். அந்தத் தண்ணீர் இத்தனை நாள் ஆயிலில் நிற்காது. ஆனால் ஃபேன் மோட்டாரின் கனெக்டரில் துரு நிற்கும். ஃபேன் விட்டு விட்டு ஓடும். ஏசி போட்டு சிக்னலில் நின்றால் சூடு ஏறி, மூடி வழியாகக் கூலன்ட் கொஞ்சம் வெளியேறும். நீங்கள் கிளம்பியதும் முள் இறங்கிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஏசி போட்டு, வண்டியை நிறுத்தி ஓடவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள், சீட் தண்டவாளத்தில் துரு பாருங்கள். வெள்ளத்தில் நின்றதா என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை ஆர்.சி. புத்தகத்தில் ஏன் கொண்டுவரவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. இன்சூரன்ஸிலும் சாதாரண பாலிசி வைத்துத் தண்ணீரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால் கைவிரிப்பார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். விற்கும்போது அதை வாய் திறந்து சொல்கிற ஏஜென்ட் குறைவு. அடுத்த மழையில் உங்கள் வண்டி தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதீர்கள்.

நீலத் திரவம் மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது மூன்று விஷயங்களை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் அளந்த அளவு, ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவுவது) செய்த பிறகு உள்ள அளவு, போல்ட்டுகள் புதியதா பழையதா. பல கார்களில் அந்த போல்ட்டுகள் ஒரு தடவைதான், பழையதையே திரும்பப் போட்டால் கேஸ்கட் மறுபடியும் போகலாம். லேத் பட்டறைக்கு அனுப்பாமலே அனுப்பியதாகப் பில் போடுவது நடக்கிறது, ஹெட் அங்கே இருக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த சிலிண்டர் பக்கம் கருகியிருக்கிறது என்று அதிலேயே தெரியும். எங்கேயும் கருகல், அரிப்பு இல்லாத முழு கேஸ்கட் கைக்கு வந்தால், பணம் கொடுக்கும் முன் அதை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.