மாப்பிள்ளையின் பெயர் பண்ணையிலிருந்து வந்ததா?

கேள்வி: என் மாப்பிள்ளை நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்துக்காரர். குடும்பப் பெயர் ரைட்ஸ்மா. அது ஒரு பழைய பண்ணையின் பெயர் என்கிறார்கள். பேரனுக்காக வம்சாவளி எழுதுகிறேன். பண்ணையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பண்ணையை அப்புறம் தேடலாம். முதலில் 1811-ஐப் பிடியுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி நெப்போலியன் ஆணையிட்ட பிறகுதான் அங்கே எல்லோரும் குடும்பப் பெயரைப் பதிந்தாக வேண்டி வந்தது. அதுவரை பெரும்பாலோர் தகப்பன் பெயரோடு சரி. பீட்டரின் மகன் யான் என்றால் யான் பீட்டர்ஸ்.

பதியப் போனவர்களில் சிலர் குடியிருந்த பண்ணையின் பெயரையே எழுதினார்கள். அங்கே பண்ணைப் பெயர்கள் ஆட்களைவிட நீடித்தவை. யெல்சும் ஊரில் டெகெமா ஸ்டேட் என்ற பழைய பண்ணை மாளிகை இன்றும் நிற்கிறது. டெகெமா குடும்பத்துக்குப் பின் வேறு குடும்பங்கள் கைக்குப் போயும் பெயர் மாறவில்லை. இப்படிப்பட்ட பண்ணையில் குத்தகைக்கு இருந்தவரும் அதன் பெயரை எடுத்துக்கொள்ள முடிந்தது. அதனால் பெயர் ஒன்று என்பதற்காக ரத்த உறவு என்று எழுதிவிடாதீர்கள். வம்சாவளி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

பெயர் 'ஸ்ட்ரா' என்று முடிந்தால் கதை வேறு. அது வீடு இருந்த இடத்தைச் சொல்லும். டைக்ஸ்ட்ரா கடல் தடுப்புக் கரையருகே இருந்தவர். டெர்ப்ஸ்ட்ரா, வெள்ளத்துக்குப் பயந்து மனிதர்கள் கொட்டி உயர்த்திய மண்மேட்டில் இருந்தவர்.

உங்கள் மாப்பிள்ளை பெயரில் இருப்பது ரைட்ஸே என்ற ஆண் பெயர். 'மா' அவரைச் சேர்ந்தவர்களைக் குறிக்கும். அந்த ரைட்ஸே பல நூற்றாண்டுக்கு முன் பண்ணை வைத்திருந்தவராக இருக்கலாம், 1811-இல் பெயர் பதிந்தவரின் தகப்பனாகவோ தாத்தாவாகவோ கூட இருக்கலாம். லேவார்டன் நகரில் உள்ள ட்ரெசோவார் ஆவணக் காப்பகத்தின் பெயர்ப் பதிவேட்டைப் பாருங்கள். குடும்பத் தலைவர், எடுத்த பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வயது எல்லாம் ஒரே பதிவில் இருக்கும். 'அல்லெ ஃபிரீசன்' இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். முன்னோரில் ஒரு ரைட்ஸே அகப்பட்டால், பெயர் அவரிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அகப்படாவிட்டால் அந்தக் குடும்பம் இருந்த ஊரைக் குறித்துக்கொண்டு 1640, 1698 ஆண்டுகளின் வாக்குரிமைப் பதிவேடுகளுக்குப் போங்கள். அக்காலத்தில் ஃபிரீஸ்லாந்து கிராமங்களில் வாக்கு பண்ணைக்குச் சொந்தம். அதனால் ஒவ்வொரு பண்ணைக்கும் உரிமையாளர் யார், உழுதவர் யார் என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது உழுதவர் பெயரை.