ராட்வீலருக்குத் தடையா, இல்லையா? வழக்கறிஞர் பதில்கள்

என் தம்பி கோவையில் ராட்வீலர் நாய்க்குட்டி வளர்க்கிறான். துபாயில் வேலை கிடைத்திருப்பதால் பெரம்பூரில் என் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறான். எதிர்வீட்டு மாமா, “தடை செய்த இனம், வில்லங்கம்” என்கிறார். தம்பியோ, “தடையை கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சுக்கா” என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, பெரம்பூர்

தம்பி சொல்வது 2024 கதை. அந்த மார்ச்சில் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, 23 நாய் இனங்களுக்கு உரிமம் தரவேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அவசரத்தில் எழுதிய பட்டியல் என்பது பார்த்தாலே தெரியும். ‘டோசா இனு’ என்று ஒரு முறை, ‘ஜப்பானிய டோசா’ என்று இன்னொரு முறை. இரண்டும் ஒரே நாய்தான். ‘டெரியர்’ என்று மொட்டையாக வேறு போட்டிருந்தார்கள். மடியில் உட்காரும் யார்க்‌ஷயர் டெரியரும் அதில் அடங்கும்! சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று சொல்லி, கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. மே மாதம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் குதறின. உடனே அதே 23 இனங்களுக்குத் தமிழக அரசுத் துறையும் தடை போட்டு, போட்ட வேகத்தில் நிறுத்தியும் வைத்தது.

மாமா சொல்வது அதற்குப் பிறகு வந்தது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். அந்த டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது: டிசம்பர் 20 முதல் பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புது உரிமம் கிடையாது, மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மத்திய அரசின் கடிதம் ரத்தானதால் இந்தத் தீர்மானம் தானாக ரத்தாகிவிடாது. ‘கோவையில் லைசென்ஸ் இருக்கே’ என்று தம்பி சொல்லக்கூடும். அந்தக் காகிதம் பெரம்பூரில் செல்லாது. ஆகவே குட்டியைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டாம். கோவையிலேயே நம்பகமான ஆள் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர்கள் ரசீதில் ‘மிக்ஸ்’ (கலப்பினம்) என்று எழுதித் தந்தால் தடையில் வராது என்று நம்பி ஏமாந்தவர்கள் என் அலுவலகத்துக்கு மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

இனத்தை வைத்துத் தடை போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. வளர்க்கத் தெரியாதவன் கையில் எந்தப் பெரிய நாயும் ஆபத்துதான். அதற்காக ஒரு லட்சத்தைப் பணயம் வைத்து நீங்கள் கொள்கைப் போராட்டம் நடத்த வேண்டியதில்லை.

எங்கள் ராட்வீலருக்குப் பழைய உரிமம் இருக்கிறது. வாய்க்கவசம் போட்டால் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுகிறது. போடாமல் கூட்டிப்போகலாமா?
– வாசகர், அண்ணா நகர்

கூடாது. பழைய உரிமம் உள்ளவர்கள் தொடர்ந்து வளர்க்கலாம். ஆனால் வெளியே கூட்டிவந்தால் கயிறும் வாய்க்கவசமும் கட்டாயம். நீங்கள் வாங்கியது வாயை இறுக்கிக் கட்டும் துணிப் பட்டையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வாயைத் திறக்கவிடாத பட்டையைக் கட்டிச் சென்னை வெயிலில் நடத்துவது கொடுமை. கூடை மாதிரி கம்பிவலையில் வரும் வாய்க்கவசம் வாங்குங்கள். உள்ளே வாயை நன்றாகத் திறக்க முடியும், தண்ணீரும் குடிக்கும். முதலில் வீட்டுக்குள் அதில் பிஸ்கட் வைத்து மூக்கை நுழைக்கப் பழக்குங்கள். அப்புறம் விடியற்காலையில் வெளியே கூட்டிப்போங்கள்.

குரோம்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சிப்பிப்பாறை வளர்க்கிறேன். ‘பெரிய நாய்க்கு இங்கே தடை, லிஃப்டிலும் ஏற்றக்கூடாது’ என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.
– வாசகர், குரோம்பேட்டை

முதல் விஷயம், நீங்கள் இருப்பது தாம்பரம் மாநகராட்சி எல்லை. சென்னைத் தீர்மானத்தைக் காட்டி உங்களை மிரட்ட முடியாது. அதிலும் சிப்பிப்பாறை இல்லை. சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை, கன்னி ஆகிய நம்மூர் இனங்கள் மத்திய அரசின் அந்த 23 இனப் பட்டியலில்கூட இல்லை. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வைத்துக்கூட வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, பெரிய நாய் சின்ன நாய் என்று பிரிக்கவும் லிஃப்டை மறுக்கவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் நகலோடு செயலாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் இணையுங்கள். நடைபாதையில் நாய் மலம் கழித்தால் நீங்களே அள்ளிவிடுங்கள். பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது.

பக்கத்து வீட்டு லாப்ரடார் என் அம்மாவின் காலைக் கடித்துவிட்டது. தடை செய்த இனம் இல்லையே, புகார் கொடுக்க முடியுமா?
– வாசகி, மதுரை

தாராளமாக. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 291-வது பிரிவு இனம் பார்ப்பதில்லை. நாயால் ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாத உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சிகிச்சைச் செலவுக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக இழப்பீடு கேட்கலாம். மருத்துவமனைச் சீட்டு, ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். தடுப்பூசித் தவணைகளை முடித்துவிட்டீர்களா? ‘வீட்டு நாய்தானே’ என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு ஒன்றைக்கூட விட்டுவிட வேண்டாம்.