ஹீப்பா, பைலா, ஸ்டேக்கா? – கேள்வி பதில்

‘நிறைய’, ‘குவிதல்’ என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆங்கிலப் பத்திரிகையில் பிரதி திருத்தியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். டென்ஸ், பிரிபொசிஷன் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

ஹீப், பைல், ஸ்டேக் மூன்றுமே குவியல்தானே மேடம்? எதை வேண்டுமானாலும் போடலாமா?

போட முடியாது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, சுவரோரம் தலை உயரத்துக்கு நிறுத்துவார்களே, அது ஸ்டேக். ஒரே மாதிரிப் பொருள், ஒருவர் கை வைத்து அடுக்கியது. அதே மண்டபத்து வாசலில் செருப்புகள் கிடக்கிற கோலம் இருக்கிறதே, அது ஹீப். வந்தவர் வந்தபடி உதறிவிட்டுப் போனது. பைல் இரண்டுக்கும் நடுவில். ஒழுங்காக இருந்தாலும் பைல், கலைந்து கிடந்தாலும் பைல். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் போதும். சந்தேகம் வந்தால் பைல் போட்டுவிடுங்கள், மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

இந்தப் பேதம் நமக்குப் புதிதும் இல்லை. களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல் அம்பாரம். வைக்கோலை ஆள் ஏறி நின்று மிதித்து ஏற்றினால் போர். ஆங்கிலத்திலும் அது ஹே-ஸ்டேக்தான்.

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். மெனிக்குப் பதிலாகப் பெரிய வார்த்தைகள் பத்து வேண்டும்.

பத்து தரமாட்டேன், இரண்டு தருகிறேன். ப்ளெதோரா முதலில் வைத்தியர்களின் சொல். உடம்பில் ரத்தம் மிஞ்சிப்போன நிலைக்குப் பெயர். இன்று ‘ஏராளம்’ என்ற பொருளிலும் அகராதிகள் ஏற்கின்றன. ஆனாலும் ‘தேவைக்கு மேல்’ என்ற வாடை இன்னும் போகவில்லை. உங்கள் ஊரில் பள்ளிகள் ப்ளெதோரா என்று எழுதினால், அத்தனை எதற்கு என்று நீங்கள் அலுத்துக்கொள்வதுபோலப் படும்.

மிரியட் கிரேக்கத்தில் 10,000, இன்று ‘எண்ணற்ற’. ‘எ மிரியட் ஆஃப்’ தப்பு என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். ஆங்கிலத்துக்குள் அது பெயர்ச்சொல்லாகத்தான் முதலில் வந்தது. உரிச்சொல்லாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஓர் எச்சரிக்கை: தெசாரஸை, அதாவது ஒத்த சொற்களைத் தொகுத்த நூலை, பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். பீட்டர் ரோஜே என்பவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸில் சொல்லுக்கு விளக்கமே கிடையாது, கருத்துவாரியான வரிசைதான். பொருள் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது கைகொடுக்கும்.

அக்யூமுலேட், அமாஸ், ஹோர்ட், ஸ்டாக்பைல். வங்கித் தேர்வில் நாலும் ஆப்ஷனில் வருகிறது.

நல்ல கேள்வி. குவித்தது யார் என்று பாருங்கள். அக்யூமுலேட் பெரும்பாலும் தானாகச் சேர்வது: மின்விசிறி இறக்கையில் தூசி, கடனில் வட்டி. அமாஸுக்கு முனைந்து சேர்க்கிற ஆள் வேண்டும்: சொத்து, ஆதாரம், படை. தூசியை யாரும் அமாஸ் செய்வதில்லை. ஸ்டாக்பைல் வரப்போகிற தேவைக்காக. அரசு உரத்தைச் சேர்க்கும், நாடுகள் ஆயுதத்தைச் சேர்க்கும். ஹோர்ட் என்றால் பதுக்கல். ஒரே கிடங்கு, ஒரே அரிசி மூட்டைகள். செய்தியில் ஸ்டாக்பைல் என்று போட்டால் அவர் வியாபாரி, ஹோர்ட் என்று போட்டால் அவர்மீது போலீஸ் வரவேண்டும். அதனால்தான் தலைப்பில் இந்தச் சொல் வந்தால் நாங்கள் இரண்டு தடவை யோசிப்போம்.

கூட்டத்தைக் குறிக்கும் ஹோர்ட் வேறு சொல். உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. கடைசியில் ‘இ’ (e) வரும், நடுவில் ‘ஏ’ (a) வராது. துருக்கிய மொழிகளின் ‘ஓர்து’விலிருந்து வந்தது. உருது என்ற மொழிப்பெயருக்கும் வேர் அதுதான். சுற்றுலாப் பயணிகள் ஹோர்டாக வரும்போது ‘ஏ’ போட்டால், யாரோ அவர்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள்.

‘லார்ஜ் அமவுண்ட் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ சரியா?

இல்லை. எண்ண முடிந்தால் நம்பர். அமவுண்ட் தண்ணீருக்கு, பணத்துக்கு, நேரத்துக்கு.

‘எ நம்பர் ஆஃப்’ வந்தால் ஈஸா, ஆரா?

‘எ நம்பர் ஆஃப்’ என்றால் ஆர். ‘த நம்பர் ஆஃப்’ என்றால் ஈஸ்.

லட்சக்கணக்கான மக்கள் என்பதை ‘லேக்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்று அறிக்கையில் எழுதினேன். அமெரிக்காவில் இருக்கும் மேலாளர் அடித்துவிட்டார். தப்பா மேடம்?

தப்பில்லை, படிப்பவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் தவுசண்ட்ஸ்’ என்று மாற்றிக் கொடுங்கள்.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லேக், க்ரோர் எல்லாம் உண்மையான ஆங்கிலமே இல்லை. நீங்களே இப்படிச் சொல்லலாமா?

எது சார் உண்மையான ஆங்கிலம்? லேக், க்ரோர் இரண்டும் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இருக்கின்றன. நீங்கள் நம்பும் பில்லியனையே எடுங்கள். பிரிட்டனில் வெகுகாலம் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், அதாவது லட்சம் கோடி. அமெரிக்காவில் ஆயிரம் மில்லியன், நம் 100 கோடி. 1974-ல் ஹெரால்ட் வில்சன் அரசு, இனி நாங்களும் அமெரிக்கக் கணக்குத்தான் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் புத்தகத்தில் பில்லியன் வந்தால் எது என்று விசாரிக்க வேண்டும். நம் லட்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். இங்க காணி விலை பரப்புக்கு (எங்கட நில அளவு) இத்தனை லட்சம் எண்டுதான் கதைப்பம். பட்ஜெட் மட்டும் பேப்பரில பில்லியனில வரும்.

பாருங்கள், பேசுவதற்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று ஒரே ஊரில் இரண்டும் ஓடுகின்றன.

அப்படியென்றால் டென் லேக்கா, டென் லேக்ஸா? இதற்காவது விதி உண்டா?

உண்டு சார். முன்னால் எண் வந்தால் ஒருமை: டென் லேக், டூ ஹண்ட்ரட், ஃபைவ் மில்லியன். எண் இல்லாவிட்டால் பன்மை: லேக்ஸ் ஆஃப், மில்லியன்ஸ் ஆஃப். உங்கள் ‘உண்மையான’ ஆங்கிலத்தின் விதியேதான் லேக்குக்கும். இந்த வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். வரிசையில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்.

மெனிக்கு வேறு நல்ல வார்த்தைகள்?

மேலே பாருங்கள்.

மெனி என்பதற்கு அட்வான்ஸ்டு சினானிம்ஸ் பிடிஎஃப் கிடைக்குமா?

கிடைக்காது. மெனியே நல்ல வார்த்தை.

எந்த தெசாரஸ் ஆப் நல்லது மேடம்?

எச்சரிக்கையைப் படிக்கவே இல்லையா? அகராதி ஆப் ஒன்றை இறக்குங்கள், அதிலும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருப்பதாகப் பார்த்து.

‘லோட்ஸ் ஆஃப்’, ‘டன்ஸ் ஆஃப்’ மின்னஞ்சலில் எழுதலாமா?

நண்பருக்கு எழுதலாம். கலெக்டருக்கு வேண்டாம்.

அலுவலகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது என்பதற்கு ‘ஐ ஹேவ் பைல்ஸ் ஆஃப் ஒர்க்’ சரிதானே?

சரி. ஆனால் மேலாளர் குறுக்கே பேசினாலும் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். ‘ஐ ஹேவ் பைல்ஸ்’ என்று பாதியில் நின்றால் அது மூலம்.