மேக்கின் மெனு பாருக்கு இலவசக் கருவிகள்: கேள்வி பதில்

கல்முனையிலிருந்து: அண்ணா, போன் ஹொட்ஸ்பொட்டில்தான் மேக்புக் பாவிக்கிறேன். ஒன்றும் திறக்காமல் வைத்திருந்தாலே டேட்டா கரைகிறது. எது தின்கிறதென்று எப்படிப் பிடிப்பது?

பதில்: ஸ்டேட்ஸ் என்ற கருவியைப் போடுங்கள் தம்பி. அதில் நெட்வேர்க் பகுதியை மட்டும் இயக்கினால், ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் மெனு பாரில் தெரியும். சும்மா இருக்கும்போது எண் ஏறினால் அதைக் கிளிக் செய்யுங்கள். எந்தச் செயலி இழுக்கிறதென்று பெயரோடு காட்டும். ‘பேர்ட்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது ஐகிளவுட் டிரைவ்.

அடுத்து சிஸ்டம் செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்திலுள்ள டீடெய்ல்ஸை அழுத்தி, லோ டேட்டா மோடைப் போடுங்கள். அந்த ஹொட்ஸ்பொட்டுக்கு மட்டுமே அது பொருந்தும், வீட்டு வைஃபையைத் தொடாது. வேறு செயலிகளைத் தடுக்க லுலு என்ற இலவச ஃபயர்வோல் உண்டு. ஆனால் ஆப்பிளின் சொந்தச் செயலிகளை அது கேட்காமலே விட்டுவிடும். ஆகவே ஐகிளவுட் நோய்க்கு அது மருந்தல்ல.

ஸ்டேட்ஸில் சென்சர்ஸ், புளூடூத் இரண்டையும் அணைத்துவிடுங்கள். சிபியூவை அதிகம் தின்பவை அவைதான். டேட்டாக் கள்ளனைப் பிடிக்க வந்தது பற்றரியைக் களவெடுக்கக் கூடாதே.

சம்மாந்துறையிலிருந்து: எம்2 ஏர் வைத்திருக்கிறேன். கருவி போட்டால் ஐகனே வருவதில்லை. அழித்துத் திரும்பப் போட்டும் அதே கதை.

பதில்: கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கெமரா வெட்டுக்கு வலப்பக்கம் இடம் முடிந்ததும், மிச்ச ஐகன்களை மேக் சத்தமில்லாமல் மறைத்துவிடும். கொமாண்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் ஐகன்களின் வரிசையை மாற்றலாம். ஹிடன் பார் என்ற கருவியைப் போட்டால் ஒரு கோடு வரும். குறைவாகத் தேவைப்படுபவற்றைக் கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளி மடித்து வைக்கலாம். விரிக்கும்போது திரும்பவும் வெட்டுக்குள் போனால் ஐஸ் என்ற கருவியைப் பாருங்கள். மறைந்தவற்றை மெனு பாருக்குக் கீழே தனிப் பட்டையாகக் காட்டும். மேக்ஓஎஸ் 14 வேண்டும். திரைப்பதிவு அனுமதியும் கேட்கும், ஐகன்களைப் படம்பிடிக்கத்தான்.

ஏறாவூரிலிருந்து: டைப்செட்டிங் கடை. கொப்பி செய்த பழைய வரிகள் திரும்ப வேண்டும்.

பதில்: மேக்கி என்ற கருவியைப் போடுங்கள், கொப்பி செய்தவற்றைச் சேர்த்து வைக்கும். ஆப் ஸ்டோரில் காசு, அதன் சொந்தப் பக்கத்தில் இலவசம். ஷிப்ட், கொமாண்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பட்டியல் வரும். ஒப்ஷனும் என்டரும் அழுத்தினால் நேரே ஒட்டும், அதற்கு அக்ஸஸிபிலிட்டி அனுமதி கொடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. கடைக் கணினி என்பதால் ஒரு கவனம்: வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், பாஸ்வேர்ட் எல்லாம் அதில் தங்கும். ஒப்ஷனோடு ஐகனைக் கிளிக் செய்தால் பதிவு நிற்கும். மூடும்போது வரலாற்றை அழிக்கும் தெரிவையும் போட்டுவையுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: விண்டோஸ்காரருக்கு ஒன்றுமில்லையா சேர்?

பதில்: பழைய கொப்பிகளை எடுக்க விண்டோஸில் கருவியே தேவையில்லை. விண்டோஸ் விசையும் வியும் அழுத்தி ஒருமுறை இயக்குங்கள். 25 உருப்படிகள் நிற்கும். பின் குத்தாதவை, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: எம்1 மேக் மினிக்கு, மொனிட்டரின் வெளிச்சத்தை மேக்கிலிருந்தே மாற்றும் மொனிட்டர்கொன்ட்ரோல் கருவியைப் போட்டேன். திரை வெளிச்சம் சரியாக இறங்குவதில்லை, கறுப்பு மட்டும் சாம்பலாகவே நிற்கிறது.

பதில்: எச்டிஎம்ஐ ஓட்டையில்தானே செருகியிருக்கிறீர்கள்? எம்1 மினியின் அந்த ஓட்டை வழியாக மொனிட்டருக்குக் கட்டளை போகாது. அதனால் கருவி படத்தை மட்டும் இருட்டாக்குகிறது, பின்விளக்கு குறைவதில்லை. யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகும் கேபிளுக்கு மாறுங்கள். மாறியும் சரிவராவிட்டால் மொனிட்டரின் சொந்த மெனுவில் டிடிசி (கணினியின் கட்டளையை மொனிட்டர் ஏற்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.