கேளுங்கள், சொல்கிறோம்: பால் கொடுக்கும் தாய்க்குப் பரிசு கொடுக்கலாமா?

எங்கள் மகளிர் குழுவில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்க்கு, ஆறாம் மாத முடிவில் 3,000 ரூபாய் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். பலன் இருக்குமா?
– வாசகி, குடியாத்தம்

நல்ல யோசனை. தொகையைக் குறைக்காதீர்கள், கொடுக்கும் நாளை மட்டும் மாற்றுங்கள். தாய்மார் தடுமாறுவது ஆறாம் மாதத்தில் அல்ல. முதல் வாரத்தில் 'பால் பத்தலை' என்ற பயம் வருகிறது, உடனே சர்க்கரைத் தண்ணீரோ புட்டிப்பாலோ உள்ளே நுழைந்துவிடுகிறது. மூன்றாம் மாதம் வாக்கில் கூலி இல்லாத நெருக்கடியால் பீடி முறம் மறுபடி மடிக்கு வந்துவிடுகிறது. எனவே ஐந்தாம் நாள் 500, ஆறாம் வாரம் 500, மூன்றாம் மாதம் 1,500, கடைசியில் 500 என்று பிரியுங்கள். விட்டுப்போகும் கூலியை ஓரளவாவது ஈடுகட்டுகிற பணம்தான் தாய்க்கு உதவும்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு தவணைக்கும் 40 பவுண்டு கடைக் கூப்பன் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் கொடுப்போர் கூப்பன் இல்லாத பகுதிகளில் 31.7 சதவீதம், கூப்பன் கொடுத்த பகுதிகளில் 37.9 சதவீதம். ஆனால் தாய்ப்பால் 'மட்டும்' கொடுப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பணத்தோடு, வீட்டுக்கு வந்து பால் பிடிக்க வைத்துக் காட்டும் ஒரு ஆளும் வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ முன்கூட்டியே பேசிவையுங்கள்.

விசாரிக்கும் விதமும் முக்கியம். "தாய்ப்பால் மட்டும்தானே?" என்றால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள், மாமியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் வேகமாக. "நேற்று இந்நேரம் முதல் இப்போது வரை பாப்பா வாயில் என்னென்ன வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். உரைமருந்து, கிரைப் வாட்டர், ஒரு பாலாடைத் தண்ணீர் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வந்தால் பணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த தடவை உண்மை வராது, திரும்ப முழுத் தாய்ப்பாலுக்கு வரும் வழியும் அடைபடும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டுமருந்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பொருளாகக் கொடுப்பதானால் முட்டை, வேர்க்கடலை, பாசிப்பயறு, கேழ்வரகு. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பால்புட்டி, பால்பவுடர் டப்பா பரிசுப் பையில் இருக்கவே கூடாது. புகையிலைத் தூள் படாமல் மாற்றிக்கொள்ள இரண்டு மேல்சட்டையும் ஒரு சோப்பும் வைத்தால் பீடி சுற்றும் தாய்க்கு அது பெரிய உபகாரம். பால் கொடுக்குமுன் கை கழுவிச் சட்டை மாற்றச் சொல்லுங்கள்.

வேலூர் வெயிலில் இரண்டு மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?
– வாசகி, காட்பாடி

வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதம் போலத் தண்ணீர்தான். அக்னி நட்சத்திரத்தில் அடிக்கடி மார்பில் விடுங்கள், தண்ணீரை நீங்கள் குடியுங்கள். தண்ணீரால் வயிறு நிரம்பினால் குழந்தை சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் சுரப்பும் குறையும். நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் வெளிர்நிறமாகச் சிறுநீர் போனால் பால் போதுகிறது. அதற்குக் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் பிடிக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.