தாக்கப்பட்ட செவிலியர் புகார் கொடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நான்கு நாட்களுக்கு முன், இரவுப் பணியில் நோயாளி ஒருவர் இறந்ததும், அவருடைய உறவினர்கள் இருவர் என்னை ஆபாசமாகத் திட்டிக் கன்னத்தில் அறைந்து, மானிட்டரையும் உடைத்துவிட்டனர். பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் புகார் வேண்டாம் என்கிறது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். நான் தனியாக வழக்குத் தொடர முடியுமா?

பதில்: முடியும். அடி வாங்கியவர் நீங்கள். புகார் கொடுக்க நிர்வாகத்தின் ஒப்புதல் எந்தச் சட்டத்தின்படியும் தேவையில்லை.

மருத்துவப் பணியாளர்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் நடத்தப்படும் வன்முறையைத் தடுக்கவே தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 48ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும், மருத்துவர்களோடு செவிலியர்களும் மாணவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். காயப்படுத்துவது மட்டுமல்ல, பணியில் இருப்பவரை மிரட்டுவதும் தடுப்பதும்கூட அதில் வன்முறையே. 3 ஆண்டுகளுக்குக் குறையாத, 10 ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத் தண்டனைக்குரிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் இது. அரசு ஊழியரைத் தாக்கியதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 132ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது என்பதால் வழக்கே கிடையாது என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுப் புகாரை எழுதுங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதை லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தெளிவாக்கிவிட்டது. சமாதானம் பேசி இதுபோன்ற வழக்கை முடித்துவைக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. ஆய்வாளர் மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173(4)ஆம் பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். நான்கு நாள் தாமதம் வழக்கைக் கெடுத்துவிடாது. ஆனால் நிர்வாகம் தடுத்ததால்தான் தாமதம் என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது சாட்சியம்தான். சிசிடிவி பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தானாக அழிந்து, அவற்றின் மேலேயே புதியவை பதிவாகும். ஆகவே அந்த இரவின் பதிவைப் பாதுகாக்கும்படி இன்றே நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைக் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள். கன்னத்தில் வீக்கம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் சென்று, யார், எங்கே, எப்படி அடித்தார்கள் என்பதைச் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு செய்துகொள்ளுங்கள். உடன் பணியிலிருந்தவர்களின் பெயர்களையும் அன்றைய டியூட்டி ரோஸ்டரின் நகலையும் வைத்திருங்கள்.

அடுத்து, நிர்வாகத்தின் கடமை. உங்களை நோக்கிப் பேசப்பட்ட சொற்கள் பாலியல் தொல்லை என்ற வரையறைக்குள் வருமானால், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்கள் கையில் இருக்கிறது. பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பெண் பணியாளருக்குப் பாதுகாப்பான சூழலை உருவாக்கும் பொறுப்பை அது முதலாளியின் மேல் வைக்கிறது. இத்தகைய புகார்களை விசாரிக்க அச்சட்டப்படி மருத்துவமனையில் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடமும் எழுத்தில் முறையிடுங்கள். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் 2024 ஆகஸ்டில் பணியிலிருந்த பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பின், மத்திய அரசு மருத்துவமனைகளில் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே புகார் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. தனியார் மருத்துவமனைகளை அந்த உத்தரவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், பொறுப்புள்ள நிர்வாகம் அந்த முறையைத் தானாகவே பின்பற்றலாம். பெயரைக் காப்பாற்ற ஊழியரின் வாயை அடைப்பது, அடுத்த தாக்குதலுக்கு வழி திறந்துவிடுவதாகும்.

எனவே நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில், அவசரப் பிரிவுக்குள் ஓர் உதவியாளருக்கு மட்டும் அனுமதி, இரவில் காவலாளி, மரணச் செய்தியை மூத்த மருத்துவரே காவலாளி உடனிருக்கத் தெரிவிப்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். புகார் கொடுத்ததற்காகப் பணிநீக்கம் என்று மிரட்டினால், அந்த மிரட்டலையும் எழுத்தில் பதிந்துவைத்து, உங்கள் ஊரில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை உடனே பாருங்கள். பொருளாதார வசதி இல்லையெனில், பெண் என்ற முறையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.