தூணில் கட்டினால் குடி போகுமா?

கேள்வி: தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். நாயகியின் அண்ணன் பீடி சுற்றுகிறவர். 12 வருடக் குடி, தினமும் மூன்று குவார்ட்டர். வீட்டார் அவரைத் தூணில் கட்டிப்போடுகிறார்கள். மூன்று நாள் கத்துகிறார். நாலாம் நாள் ஆற்றில் முங்கி எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் வலி மாத்திரைக்கு அடிமையாகி, வாயில் நுரை தள்ளிச் சாகிறான். வாசித்த தோழி ஒரு நர்ஸ். "இதெல்லாம் சினிமாவுலதாம்ட்டி நடக்கும்" என்கிறாள். கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: இருக்கக் கூடாது. ஆற்றின் திசையைத் தப்பாக எழுதினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. இந்தக் காட்சியை நம்பி யாரோ ஒரு மைனி தன் கொழுந்தனைக் கட்டிப்போட்டால் உயிரே போகலாம்.

உங்கள் கதையில் பிசகியிருப்பது நேரக் கணக்கு. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அதில் மூன்று என்றால், மூளை அந்தச் சரக்கைக் கணக்கில் வைத்தே 12 வருடம் ஓடியிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடி மறுநாள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். இடையில் இருக்கிற 14 மணி நேரத்தில்தான் உங்கள் கதையே இருக்கிறது. விடிகாலையில் பிளாக்கில் கூடுதல் விலைக்கு வாங்கப் போகிறவர் ஆசைக்காகப் போகவில்லை, நடுக்கம் நிற்கப் போகிறார். அந்த நேரத்தில் அவரால் இலையை நறுக்க முடியாது, நூலைச் சுற்றி முடிச்சுப் போட முடியாது. காப்பி டம்ளரைத் தூக்கினால் சிந்தும் என்று டம்ளரை நோக்கி வாயைக் கொண்டுபோவார். கத்தலைவிட இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்யும்.

வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். கட்டிப்போட்டவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க முடியாது. வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். (கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற காட்சியை எழுதாதீர்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாயிலும் எதையும் வைக்கக் கூடாது.) இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இன்னொரு கட்டம் உண்டு. எல்லாருக்கும் வராது, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் அடிக்கும், உடம்பு தெப்பமாய் வேர்க்கும், இருக்கிற இடம் தெரியாது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார், போர்வையிலிருந்து எதையோ பொறுக்குவார். சிலர் தாங்கள் செய்கிற தொழிலையே வெறுங்கையால் செய்வார்கள். உங்கள் அண்ணன் இலையும் தூளும் இல்லாமல் காற்றில் பீடி சுற்றுவார். பார்க்கிறவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், நேரம் அங்கேதான் போகும். ஆக, நீங்கள் அவரை ஆற்றுக்கு அனுப்புகிற நாலாம் நாள், அவரைத் தனியாகத் தண்ணீரில் இறங்க விடவே கூடாத நாள்.

சரியான காட்சி ஆஸ்பத்திரியில் நடக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபாம், லோரசிபாம் போன்ற மாத்திரையை முதலில் தேவையான அளவு கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். நம் பக்கத்தில் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துனா சரியாயிரும்" என்பது வழக்கம். சத்தில்லாமல் குடித்தே கிடந்த உடம்பில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் கண் ஆட்டம், தள்ளாட்டம், குழப்பம் என்று போய், நினைவே நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். சாம்பாரில் தெரியாமல் மருந்து கலக்கிற மனைவியும் வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் என்கிற அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து உண்டு. சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் கதையை முடித்துவிடாதீர்கள். தூக்கம் சீராகவே வாரக்கணக்கு ஆகும். சனிக்கிழமை சம்பளம், சுடலைமாடன் கோயில் கொடை, மச்சான் கல்யாணம், இந்த மூன்றில் ஒன்றில் மறுபடியும் குடிப்பார். அப்போது வீட்டில் எழும்பும் பேச்சுதான் எழுதுவதற்குக் கடினமான இடம். இரண்டு அத்தியாயம்கூட எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் பையன். வலி மாத்திரைகளில் சில அபின் வகையைச் சேர்ந்தவை. அவை அளவு மீறினால் ஆர்ப்பாட்டம் இருக்காது. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு குறைந்துகொண்டே வரும், உதடு நீலம் பாயும், தொண்டையில் கரகரவென்று குறட்டை கேட்கும். அம்மா கதவைத் திறந்து பார்த்து, "நல்லா தூங்குதான், எழுப்பாண்டாம்" என்று திரும்பிவிடுவாள். உங்கள் நுரையைவிட இது கொடுமை, உண்மையும் இதுதான். யாராவது தட்டி எழுப்பிப் பார்த்து, எழவில்லை என்றதும் 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அபின் வகை மருந்தை முறிக்கும் நலோக்சோன் ஊசி சமயத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான். அவன் சாவதற்குப் பொருத்தமான இடம் போதையின் உச்சமும் அல்ல. போதை மீட்பு மையத்திலோ ஜெயிலிலோ சில வாரம் சுத்தமாக இருந்து திரும்பிய பிறகு, பழைய அளவையே எடுக்கிற நாள். உடம்புக்கு அந்தப் பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருக்கும்.

கதையில் எங்காவது ஒரு பொட்டலம் கஞ்சாவுக்கு 20 வருடம் தண்டனை என்று எழுதியிருந்தால் அதையும் திருத்துங்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. அதற்கு அதிகபட்சம் ஒரு வருடக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 10 முதல் 20 வருடம் என்பது 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. வக்கீல் அண்ணாச்சி பாத்திரம் ஒருவர் கதையில் இருந்தால் அவர் வாயில் இதை வையுங்கள்.

இந்தக் காட்சிகள் வரும் பக்கத்தின் கீழே இரண்டு எண்கள் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.